உள்ளிருந்து திறக்காத கதவு

செண்பகவல்லி காலமான செய்தியைச் செல்விதான் போனில் சொன்னாள். "சாரே, மேடம் போயிட்டாங்க. ராத்திரி உறக்கத்திலயே." பிறகு, "இனி என் கேசுல ஆரு சொல்லும்?" என்றாள். கேட்ட உடனே அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "இப்ப இதைக் கேக்கப்பிடாது, இல்லியா சாரே?" கேட்கலாம் என்றேன். உயிரோடு இருந்தால் செண்பகவல்லியும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவருடன் வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டில் பிறந்து, நர்ஸ் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் குடியேறியவர் அவர். பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் ஊழியர் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். சிகிச்சைக்கு வரும் இடத்தில் டாக்டர்களும் நர்ஸ்களும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

பத்திரிகைக்காக முதல் முறை பேட்டிக்குப் போனபோது தன் அறையில் உட்காரவிடாமல் அவசர சிகிச்சைப் பிரிவான காஷ்வாலிட்டிக்கு அழைத்துப் போனார். நோயாளிக்குத் துணையாக வருபவரை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். அப்படி ஒருவர், சாலைக் கடைத்தெரு வியாபாரி, கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். "உள்ள டாக்டரு உண்டா, இல்ல போர்டு மட்டுந்தானா?"

"உண்டு அண்ணாச்சி. போர்டைவிடக் கொஞ்சம் மெலிஞ்சவரு, அதான் தெரியல்ல" என்றார் செண்பகவல்லி. "உங்க தம்பிக்குத் தையல் போடுதாரு. எலும்புக்கு ஒண்ணுமில்லை. முடிஞ்ச உடனே உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

அந்த மனிதர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்வதற்கென்றே ஒவ்வொரு காஷ்வாலிட்டியிலும் ஒரு நர்ஸை நிறுத்தியது அவர்தான். "அடிக்க வாறவன் முக்காலும் பயந்தவன் அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னார். "உள்ள என்ன நடக்குன்னு ஒருத்தரும் சொல்லல்லன்னா அந்தப் பயம் கையில இறங்கும்."

எல்லாப் பயத்தையும் பேச்சால் நிறுத்திவிட முடியவில்லை. ஒரு முறை கூட்டம் உள்ளே புகுந்து, சிகிச்சையில் இருந்த டாக்டரைக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளியது. அதன் பிறகு, காயத்துக்குக் கட்டுப்போடும் அறைக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு ஒன்றைச் செண்பகவல்லி போட வைத்தார். ஊழியர் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். வெளியிலிருந்தும் அப்படித்தான், உள்ளிருந்தும் அப்படித்தான். வெளியே நிற்கும் கூட்டத்தை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட கதவு அது.

நர்ஸ் செல்வி பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அந்த வீட்டிலிருந்து மலையிறங்கி வேலைக்கு வந்த முதல் ஆள். ஒரு மதியம் அந்த அறையில் ஓர் இளைஞனின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வலியில் அவன் அலற, பக்கத்தில் நின்ற அண்ணன் அவள் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான். பட்டையோடு அட்டையும் அவன் கைக்குப் போய்விட்டது. செல்வி கதவுக்கு ஓடினாள். தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். வெளியே நின்ற காவலாளிகளிடம் அந்தக் கதவுக்கான அட்டை இல்லை. அட்டை உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துத் திறந்தபோது அவள் மணிக்கட்டு முறிந்திருந்தது.

இன்னொரு பெண் அந்த அறைக்குள் போவதற்கு முன் கதவை மாற்றியாக வேண்டும் என்று செண்பகவல்லி நின்றார். மறுநாளே மாற்றினார்கள். இப்போது உள்ளிருந்து கையால் தள்ளினாலே திறக்கும். அவர் செய்தது சரிதான். ஆனால் அதோடு செல்வி மாட்டிக்கொண்ட கதவு இல்லாமல் போயிற்று. அடித்தவன் மேல் வழக்கு வந்தபோது, அவள் வெளியே போயிருக்கலாம், போகாமல் நின்று சண்டை போட்டு வழுக்கி விழுந்தாள் என்றது எதிர்த்தரப்பு. கதவு எப்போதும் தள்ளினால் திறப்பதாகத்தான் இருந்தது என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது. ஒப்புக்கொண்டால் செல்விக்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். காவலாளிகள் ஒப்பந்த ஆட்கள், வாய் திறக்கவில்லை. செண்பகவல்லியும் அதையே சொல்ல வேண்டும் என்று மற்ற ஊழியர்களும் இருந்த ஒரு கூட்டத்தில் வைத்துக் கேட்டார்கள்.

விடுப்பில் வீட்டில் இருந்த செல்வியைப் பார்க்க அவர் பொன்முடி போன அன்று நானும் அதே காரில் போனேன். திரும்பும் வழியில் கல்லாற்றில் ஒரு கடையில் டீ குடித்தோம். அந்தக் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கதவு நான் வச்சது. அடிச்சது அவன். இதுக்கு இடையில செல்விக்க தப்பு எங்க இருக்குன்னு கேட்டேன். ஒரு டாக்டர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி வச்சாரு."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். பசிச்சுது."

வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து சொல்லலாமே என்றேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவருடைய மருந்தும் பயிற்சியும் அதே மருத்துவமனையில்தான், ஊழியர் குடும்பச் சலுகையில். அது எனக்குத் தெரியும். அதைச் சொல்வார் என்று நினைத்தேன். வேறொன்று சொன்னார்.

"போனா என்ன சொல்லுவாங்க? வேலை போன கோபத்தில பேசுகான்னு சொல்லுவாங்க. உள்ள இருந்து சொன்னாத்தான் அண்ணாச்சி அது சாட்சி. வெளிய போய்ச் சொன்னா வயித்தெரிச்சல்." டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "கோர்ட்டுல ஏறி என் வாயால சொல்லுத வரைக்கும் எழுதாதீங்க. எழுதினா என்னை அன்னைக்கே வெளிய தள்ளிருவாங்க."

எழுதவில்லை. அவரையும் யாரும் வெளியே தள்ளவில்லை. பதவி, சம்பளம் இரண்டும் இருந்தன. கீழே இருந்த ஆட்களை மட்டும் எடுத்துவிட்டார்கள். துணி அடுக்கும் கிடங்காக இருந்த ஜன்னல் இல்லாத ஓர் அறையை ஒதுக்கினார்கள். பார்க்கப் போனபோது, "நல்ல இடம்" என்றார். "அடிக்க வாறவனுக்கும் வழி தெரியாது." செல்வியை வேலையிலிருந்து நீக்க முயன்ற போதெல்லாம் அந்த அறையிலிருந்து எழுந்து போய் எதிரே நிற்பார். அவர் என்றைக்காவது கோர்ட்டில் பேசக்கூடும் என்ற பயத்தில் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சாட்சியாக அழைக்கும் நாள்களில் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போவார். வேறொரு தேதி கிடைக்கும். மறுபடியும் ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு. கடைசியாகக் கிடைத்த தேதி அடுத்த மாதம்.

தைக்காட்டு மயானத்துக்கு மருத்துவமனையிலிருந்து மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவர் அன்றைய கூட்டத்தில் இருந்தவர். "நல்ல ஸ்த்ரீ. ஒரு பரிபவமும் பறயாத ஆள்" என்றார் என்னிடம். குறை எதுவும் சொல்லாதவர் என்று பொருள். சற்றுத் தள்ளிச் செல்வி, கோணலாகக் கூடிய மணிக்கட்டை மறுகையால் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் கரமனை வீட்டில், செண்பகவல்லி எனக்கு வைத்திருந்த நிபந்தனையைக் கணவரிடம் சொன்னேன். பேச்சு அவருக்கு மெதுவாகத்தான் வரும்.

"எழுதும்" என்றார்.

"உங்க சிகிச்சை?"

"அது அவ வேலைக்கு உள்ளது. அவ போயாச்சு. இனி அவங்களுக்கு எடுக்கதுக்கு என்ன இருக்கு?"

ஆகவே எழுதுகிறேன். செல்வி அடிபட்ட அன்று அந்த அறையின் கதவு, அட்டை இல்லாமல் உள்ளிருந்து திறக்காது. அதைப் போட வைத்தவரே என்னிடம் சொன்னார். நான் காதால் கேட்டது கோர்ட்டில் அவர் சொல்லுக்கு ஈடாகாது என்பது இத்தனை வருடம் கோர்ட்டுச் செய்தி எழுதிய எனக்குத் தெரியும். ஆனால், அவரோடு வேலை பார்த்தவர்களே, அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்கள். கதவைப் பார்த்தவர்கள் நீங்கள். நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள், உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்வீர்கள். அவரும் வேலையில் இருந்தார்.

அடுத்த மாதம் செல்வி கோர்ட்டுக்குப் போகும்போது நானும் போவேன். செண்பகவல்லியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவர் சொன்ன இந்த உண்மை ஒன்றுதான். அது என்னிடம் மட்டும் இருந்து பயனில்லை.