இழுத்து எடுத்த கால்

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். வலது கால் உள்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. அது என் கால்தான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

முந்தின நாள், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தும்போது பக்க மண் சரிந்து இடுப்புவரை புதைந்தேன். மேலே கவலை (தோல்பையில் தண்ணீர் சேந்தும் இறைப்பு) இழுக்கிற எருதுகள் பூட்டியபடியே நின்றன. தம்பி செங்கோடன் வடத்தை இறக்கினான். நான் அக்குளில் கட்டிக்கொண்டேன். தண்ணீர் இறைக்கிற மாதிரியே எருதுகளை ஓட்டினான். நான் மேலே வந்துவிட்டேன். உள்ளே மடங்கிச் சிக்கியிருந்த கால் அத்தனை லேசில் வரவில்லை.

"மூட்டு நழுவியிருக்கிறது (தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியை விட்டு வெளியேறுதல்). மண்ணைத் தோண்டியிருந்தால் கால் தானாக வந்திருக்கும். யார் இழுத்தது?" என்றார் டாக்டர். செங்கோடன் வெளியே போனவன்தான், திரும்பி வரவில்லை.

மயக்க மருந்து கொடுத்து எலும்பை உள்ளே தள்ளினார்கள். பிறகு ஆறு வாரம் காலில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள் (மூட்டு மறுபடி நழுவாமலிருக்க). நடப்பேனா என்று கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இதைப் படிக்கிற நீங்களும் அப்படிக் கிடந்தால், கோபப்படுங்கள். ஆனால் காலை மட்டும் ஆட்டாதீர்கள்.

"தம்பி மேட்டூரு அணை வேலைக்குப் போயிருச்சுங்க. ஊட்டுப் பக்கமே வாரதில்லீங்க," என்றாள் என் மனைவி பாவாயி. கால் போனால் ஒரு கால். அவனும் போனால் எனக்கு யார்? நடந்தே தீருவது என்று அன்று முடிவு செய்தேன்.

மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு மேட்டூரில் போய் இறங்கினேன். கல் சுமந்துகொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க மூஞ்சில முழிக்க முடியலீங்கண்ணா."

"தோண்டலாம்னுதானே நீ மொதல்ல சொன்ன? வெரசா ஓட்டுடான்னு கத்துனது நானு. அதை டாக்டருகிட்டச் சொல்லாம உட்டதும் நானு. வா, தோளைக் குடு. பஸ்ஸுக்கு நடக்கோணும்."

அழுதுகொண்டே தோளைக் கொடுத்தான். நாலு இடத்தில் நின்றோம்.

"வலிக்குதுங்களாண்ணா?"

"வலிக்குது. புடி."

நாங்கள் போய்ச் சேருமுன் பஸ் கிளம்பிவிட்டது. அவன் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தான். வேண்டாமென்று பக்கத்தில் உட்கார வைத்தேன். அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதுவரை அவன் இருக்கிறானே, அது போதும்.