பாலுக்குப் போன மாத்திரை

என் வீட்டுக்காரர் மாத்திரை கொடுக்கிறதுல மன்னன். நான் விடியறதுக்கு முன்னாடியே செந்தூல்ல கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வேலைக்கு ஓடணும். அதனால தைராய்டு குறைவா சுரக்கிற எங்க மகளுக்குக் காலை மாத்திரை அவர் பொறுப்பு. ஒரு நாள் தவறினதில்லை. தவறியிருந்தாலாவது யாராவது என்ன ஏதுன்னு கேட்டிருப்பாங்க.

"மாத்திரை சூடு, வெறும் வயித்துல ஆகாது"ங்கிறது அவர் கொள்கை. பொடிச்சு, டின் பால் ஊத்தின சாக்லேட் பால்ல கலக்கி, ரொட்டியோட கொடுப்பார். அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்சாப்ல வேற போட்டார். "அண்ணன் மாதிரி அப்பா கிடைக்கணும்லா"ன்னு செமினியில இருக்கிற என் நாத்தனார் உருகிட்டா.

பிள்ளைதான் தேறல. எட்டு வயசு, சட்டை ஆறு வயசு அளவு. கோலாலம்பூர் வெயில்ல ஸ்வெட்டர் கேட்பா. வகுப்புல தூங்கிடுவா. டீச்சர் போன் பண்ணி, "கொஞ்சம் சோம்பேறியா இருக்காம்மா" அப்படின்னாங்க. பக்கத்துல நின்ன பிள்ளை காதுல அது விழுந்திடுச்சு. அதுக்கப்புறம் யார் என்ன கேட்டாலும், "நான் சோம்பேறிலா"ன்னு ஏதோ தன் பேரைச் சொல்ற மாதிரி சொல்வா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துட்டு, "தினமும் கொடுக்கிறீங்களா?"ன்னார். "தினமும் டாக்டர்"னு இவர் நெஞ்சை நிமிர்த்தினார். டோஸைக் கூட்டினாங்க. டோஸ் கூடினா சூடும் கூடுமாம். அதனால இவர் பாலைக் கூட்டினார். பிரிக்பீல்ட்ஸ்ல சோயா பால் வாங்கினார். தெம்புக்கு இரும்புச்சத்து டானிக் வேற, அதுவும் காலையிலேயே.

அடுத்த தடவையும் ரத்தத்துல மாற்றமில்லை. இந்தத் தடவை டாக்டர் எங்களை விட்டுட்டு மகளைக் கேட்டார்: "மருந்து எப்படிம்மா இருக்கு?"

"இனிப்பா இருக்கும் அங்கிள். அடியில மண்டி தங்கும், அதை மட்டும் கொட்டிடுவேன்."

டாக்டர் திட்டல. பாலும் சோயாவும் இரும்புச்சத்தும் இந்த மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புக்குள்ள விடாதுன்னார். எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில கொடுக்கணும். அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் பசியாறணும். டானிக்கும் சோயாவும் நாலு மணி நேரம் தள்ளி. இவர் "ஆனா டாக்டர், சூடு..."ன்னு ஆரம்பிச்சார். நான் பார்த்த பார்வையில அப்படியே அடங்கிட்டார்.

சில மாசம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க பிளாட்ல வழக்கம்போல லிஃப்ட் கெட்டுப்போச்சு. பாசார்ல வாங்கின காய்கறிப் பையைத் தூக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் படியில மூச்சு வாங்குறோம். மகள் எங்களைத் தாண்டி மேல ஓடிட்டா. அவ ஓடி நான் பார்த்ததே இல்லை. இவர் பையை வெச்சுட்டுப் படியிலேயே உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அவர் களைச்சுட்டார்னு நினைச்சு அவ இறங்கி வந்தா. பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்தா.

"நீங்க சோம்பேறி இல்லப்பா. உங்களுக்கும் மருந்து உள்ள போகல, அவ்வளவுதான்."