வரதராஜன் சாரின் மொட்டை வாக்கியங்கள்

போன மாதம் ஆபீஸில் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. சம்பளம் இல்லாத வேலை... தூது போவது!

பழவேற்காட்டில், ஏரிக்கரை ஓரம் எங்களுடையது ஒரு சின்ன மத்திய அரசு ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். எங்கள் கிளார்க் கன்னியப்பனை ஹெட் கிளார்க் ஆக்கி ஆர்டர் வந்தது. அவர் இருளர். அவருடைய அம்மா இன்றைக்கும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர். ஷெட்யூல்டு சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு உண்டல்லவா? இந்த முறை அந்த இடம் எங்கள் ஆபீஸுக்கு வந்தது.

அதே நாற்காலிக்காகக் காத்திருந்தவர் வரதராஜன் சார். சர்வீஸில் சீனியர். வருத்தம் இருக்காதா? இருக்கும். ஆனால் அதை அவர் காட்டிய விதம் இருக்கிறதே...

நேற்று வரை "ஏய் கன்னியப்பா!" இன்றைக்கு "சார்" என்று கூப்பிட வாய் வரவில்லை. "ஏய்" போட்டால் மெமோ வரும். என்ன செய்தார்? ஆளே இல்லாத வாக்கியமாகப் பேச ஆரம்பித்தார். "ஃபைல் பார்த்தாச்சா?" "கையெழுத்து ஆயிடுச்சா?" அதுவும் கன்னியப்பனிடம் அல்ல — நடுவில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்!

"சார், ஃபைல் பார்த்தாச்சானு கேக்கறாரு" என்று மூன்றடி தூரத்துக்கு நான் தூது போவேன்.

"பார்த்தாச்சுனு சொல்லுங்கம்மா" என்பார் கன்னியப்பன், சிரிக்காமல்.

போன வாரம், வரதராஜன் சாரின் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மறுநாள் லீவு வேண்டும். ஹெட் கிளார்க்தான் தர வேண்டும். காலையிலேயே என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு லீவு கிடைக்குமானு..."

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

"இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று விசாரித்தார் கன்னியப்பன். பலமாகத் தலையாட்டினேன்.

மதியம் போயிற்று. அவர் வீட்டுக்குப் போகும் மீஞ்சூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரதராஜன் சார் எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். கடைசியில் அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"நாளைக்கு லீவு வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்..." மென்று விழுங்கினார். "...சார்."

கன்னியப்பன் முகம் ஒரு கணம் என்னவோ போல் ஆகி, பிறகு மலர்ந்தது.

"இன்னா சார் நீங்க, இதுக்குப் போய் சாயங்காலம் வரைக்கும் தவிச்சிக்கினு! போய்ட்டு வாங்க சார். பாப்பாவுக்கு நல்லது நடக்கட்டும்."

"நல்லா நடக்கும் சார்!" என்றேன் நானும், சந்தோஷத்தில், சத்தமாக.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

நாற்காலி கொடுக்கச் சட்டம் இருக்கிறது. "சார்" வரவழைக்கத்தான் நம்மில் யாராவது வாயை மூட வேண்டியிருக்கிறது!