என் மகளின் நெற்றி உப்பு

எங்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் என்னைவிடப் பெரிய மடையனை நான் கண்டதில்லை. மனைவி பாக்கியம் கைக்குழந்தையை முத்தமிட்டுக் கொஞ்சும்போதெல்லாம், "பிள்ளை உப்புக் கரிக்குது" என்பாள். நான் சிரிப்பேன். கடலால் வந்ததும் குளிக்காமல் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவன் நான். என்னிடமிருந்து ஒட்டிய உப்பு என்றே நினைத்திருந்தேன்.

பாண் ரொட்டிக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. மகள் சாந்திக்கு இருமல் நிற்கவில்லை. பால் குடித்தும் உடம்பு தேறவில்லை. ஒரு வைத்தியர் தொய்வு, இழுப்பு என்றார், இன்னொருவர் நிமோனியா என்றார். கடைசியாகப் பார்த்த வைத்தியர், "நுரையீரல் பழுதாகிக்கொண்டு வருது. ஏனெண்டு தெரியேல்லை. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றார்.

"ஏலாது, டொக்டர்" என்றேன்.

நேரே அம்மன் கோயிலுக்குப் போனேன். நான் கும்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

"தாயே, சுகம் கேக்க வரேல்லை. பிள்ளையின்ர வருத்தத்தின்ர பேரைச் சொல்லு. ஆரெண்டு தெரியாதவனோட நான் எப்பிடி மல்லுக்கட்டுறது? சொல்லாட்டி உன்ர வாசலுக்கு இனி வரமாட்டன்."

பூசகர் மணி அடிக்க மறந்து நின்றார்.

கொழும்புக்கு ரயில் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஏழு நாள் போனது. குழந்தைகளைப் பார்க்கும் டொக்டர் அம்மா, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பாக்கியத்திடம் கேட்டார். "கொஞ்சேக்க பிள்ளை உப்புக் கரிக்குதோ?"

நான் முந்திக்கொண்டேன். "அது என்ர உப்பு, டொக்டர். நான் கடல்காரன்."

"கடைசியாக் கடலுக்குப் போனது எப்ப?"

"இஞ்ச வந்தாப் பிறகு போகேல்லை."

அவர் சாந்தியின் நெற்றியைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார். "இப்பவும் உப்புத்தான்."

அம்மன் பதில் சொல்லிவிட்டாள். வியர்வையை எடுத்துச் சோதித்தார்கள். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று பேர். பிறவி நோய். எங்கள் நாட்டில் மிக அரிதாம். சளி பிசின்போல நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும், வியர்வை உப்பாகும். முழுச் சுகம் கிடையாது, வளர்ந்து ஆளாவதும் சந்தேகம் என்றார்கள். சொல்லட்டும். பேர் தெரிந்த எதிரிக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? மருந்து கொடுக்கிறோம். காலையும் மாலையும் முதுகில் தட்டிச் சளியைக் கழற்றுகிறோம். சாந்தி இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

அடியார்களே, அம்மனிடம் உரிமையோடு சண்டை பிடியுங்கள். அவள் கோபிக்க மாட்டாள், கைவிடவும் மாட்டாள். அவள் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு வாய் ஓயாது. இன்று காலையும் சாந்தியை மடியில் குப்புறக் கிடத்தித் தட்டிக்கொண்டே சொன்னேன். சொல்லும் உருக்கத்தில் கை நின்றுவிட்டது.

"கதையை விட்டிட்டுத் தட்டுங்கோ, அப்பா."