பேய்ப் படமும் கோயில் படியும்

எங்கள் அப்பாவுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். மந்திரவாதியோ, பூதமோ, கல்லறையிலிருந்து எழுந்து வருகிற பிணமோ, எதுவானாலும் ஹட்டன் டவுனில் ஓடினால் பார்த்தே ஆக வேண்டும். தேயிலை காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற மனுஷன். ஆறு நாள் அனலில் நின்றுவிட்டு ஏழாம் நாள் உட்கார்ந்து பயப்பட ஆசைப்படுவார். துணைக்கு நான். அம்மா வரமாட்டாள். "காலையில பூசை, மத்தியானம் பிசாசா? நல்லா இருக்குடி ஒங்க ஞாயித்துக்கெழமை" என்பாள்.

அம்மாவும் நானும் கத்தோலிக்கர். அப்பா சைவம். ஞாயிறு காலையில் மூவரும் கொட்டகலையில் ஒன்றாகத்தான் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போவோம். அம்மாவும் நானும் மாதா கோயிலுக்குள் போய்விடுவோம். அப்பா எதிரே சைப்பிரஸ் மரத்தடியில் நின்றுகொள்வார். மழை வந்தால் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார். ஒருநாள்கூடப் படியேறியதில்லை. "பிடிவாதம்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். நானும் அப்படியே நம்பி, அவர்மேல் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஆனால் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே! ஒரு மாயாஜாலப் படத்தில் மந்திரவாதியின் உயிர் கடலுக்கு அப்பால் ஒரு பெட்டிக்குள் வண்டாக இருந்தது. பஸ்ஸில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, ஒங்க கோயில்லயும் சாமிய சின்னப் பெட்டியில பூட்டி, பக்கத்துல செவப்பு வெளக்கு வச்சிருக்காங்கன்னு சொன்னியே. இதுவும் அது மாதிரியா?"

"ஐயோ அப்பா! வாயக் கழுவுங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஞானோபதேச வகுப்பில் வருஷக்கணக்காக மனப்பாடம் செய்த பதில்களில் ஒன்றுகூட இதற்குச் சரிவரவில்லை. அப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். மறுநாள் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. சாயங்காலம் அப்பா வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.

"அந்த மந்திரவாதி தன் உசுர யாரும் தொடக்கூடாதுன்னு ஒளிச்சு வச்சாம்ப்பா. எங்க சாமி, எல்லாரும் எடுத்துச் சாப்பிடட்டும்னு தன்னையே அப்பமா அதுல வச்சிருக்காரு."

அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "அப்ப ஒங்க ஆளு தைரியசாலிதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி இருக்கையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையும் எங்கள் வேதம்தான், வட்டவளைப் பக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலையன்று சாமியார் அப்பாவின் பேரைச் சத்தமாக வாசித்தார். பேர் கோயிலுக்குள்ளே, பேருக்குரியவர் வெளியே மழையில். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என் கல்யாணத்தன்றும் இந்த மனுஷன் மரத்தடியில்தான் நிற்கப்போகிறாரா?

அம்மாவைக் கேட்டேன். "இருவது வருஷமா வராதவரு அன்னிக்கு மட்டும் வந்துருவாராக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பகல் காட்சிக்கு ஓர் இங்கிலீஷ் படம். ரத்தம் குடிக்கிற பிரபு, கறுப்பு அங்கி, நீளப் பல். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷை வைத்து அப்பா காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். முன்வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். சிலுவையைக் கண்டு பிரபு பதறி ஓடியபோது, ஒங்க ஆளு ஜெயிச்சிட்டாரு என்று அப்பா என்னை இடித்தார். பிறகு ஒரு காட்சி. வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே ஒரு பெண் தனியாக இருக்கிறாள். பிரபு வாசற்படிவரை வந்து, அங்கேயே நிற்கிறான்.

"கதவுதான் தொறந்து கெடக்கே, ஏன் உள்ள போகமாட்டேங்கறான்?"

"வீட்டுக்காரங்க வாய் தொறந்து வான்னு கூப்பிடணுமாம்ப்பா. கூப்பிடாம அவனால படி தாண்ட முடியாதாம்."

"அப்படியா" என்றார்.

பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன். பாவமும் இப்படித்தான், நாமாக வா என்று சொன்னால்தான் உள்ளே வரும் என்று வெகு சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டு வந்தேன். அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகலையில் இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நானும் அந்தப் பேய் மாதிரிதாம்மா. என்னைய ஒருத்தரும் கூப்பிடல."

நான் நின்று அவர் பக்கம் திரும்பினேன்.

"எங்க கல்யாணத்தன்னிக்குக் கோயில் படியில கால வச்சேன். சாமியாருக்கு ஒத்தாசையா இருந்த உபதேசியார் கைய நீட்டி மறிச்சுட்டாரு. வேதத்துல சேராதவருக்கு உள்ள கெடையாது, பின்னால வாங்கன்னாரு. சாமியார் பூசை உடுப்பு மாத்துற அறையில வச்சுத்தான் தாலி கட்டினேன். ஒங்கம்மாவும் பேசாமத்தான் நின்னா. சரி, நம்ம எடம் வெளியதான்னு இருந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போனேன். அவர் புதிதாக வந்தவர். எனக்கோ வாய் நீளம். ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

"அந்த மாதிரிக் கலப்புக் கல்யாணத்தப் பீடத்துக்கு முன்னால வைக்கக்கூடாதுன்னு சட்டம், அவ்வளவுதாம்மா" என்றார். "பூசைக்கு யாரு வேணும்னாலும் வரலாமே. ஒங்க அப்பாவ யாரு தடுத்தது?"

இருபது வருஷம்! உபதேசியார் ஒரு நாளைக்குச் சொன்னதை அப்பா ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டார். அம்மா அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரே லயத்து வீட்டில், ஒரே அறைக் காம்பராவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமியார் வரலாம்னுட்டாருப்பா" என்றேன் அப்பாவிடம்.

"சாமியார் சொன்னா ஆச்சா? வீட்டுக்காரங்கல்ல கூப்பிடணும்" என்று சிரித்தார். அம்மா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணத்தன்று தூறல். வெள்ளைச் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அப்பா புது வேட்டியோடு பின்னாலேயே வந்தவர், கடைசிப் படியருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். கண் மரத்தடிப் பக்கம் போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு ஈரப் படிகளில் இறங்கினாள். ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் பேசாம நின்னது தப்புதாங்க. உள்ள வாங்க."

அப்பா வலது காலை எடுத்துவைத்து ஏறினார். என் பக்கத்தில் வந்து நின்றதும் மாப்பிள்ளையைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கண் பீடமெல்லாம் துழாவி, அந்தச் சிவப்பு விளக்கில் போய் நின்றது.

"அந்தப் பெட்டிதானா?" என்று என் காதில் கேட்டார்.

"அதுதாம்ப்பா" என்றேன்.