கிணற்றடிப் பெண்ணின் கை

அந்த ஐரிஷ் கண்ணாடி ஓவியரை நான் நெடுங்காலம் என் மனைவியின் சிநேகிதியாக மட்டுமே அறிந்திருந்தேன். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மனைவி வேலை செய்த மருந்துத் தொழிற்சாலைக்குப் பின்னால், ஒரு களஞ்சியத்தின் பாதியை வாடகைக்கு எடுத்துப் பட்டறை நடத்திவந்தார். மதிய வேளையில் மனைவி அங்கே போய்த் தேநீர் குடிப்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மனைவி இறந்து சில மாதங்களின் பின், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். தாம் முன்பு செய்த தேவாலயச் சாளரம் ஒன்றில், கிணற்றடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணின் கைகள் என் மனைவியின் கைகளைப் பார்த்து வரைந்தவை என்றார். தேவாலயம் விற்கப்பட்டுவிட்டது; சாளரம் வேறொரு மாகாணத்துக்குப் போகிறது; பெட்டியில் அடைக்குமுன் வந்து பார்க்கலாம். இப்படி ஒன்று நடந்ததாக மனைவி என்னிடம் சொன்னதே இல்லை.

பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டிலிருந்து மகள் என்னைக் காரில் பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

ஓவியர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். டப்ளின் பட்டறையொன்றில், பிறர் வரைந்த புனிதர்களின் காலடியில் புல்லை மட்டும் தீட்டியபடி தொழில் கற்றாராம். ஒரேயொரு சாளரத்துக்காக மொன்றியல் வந்தவர், அடுத்தடுத்து வேலை கிடைக்கவே தங்கிவிட்டார். பின்னர் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் குடியிருப்புகளாயின. தாம் பொருத்தியவற்றைத் தாமே கழற்றுவது இப்போது அவருடைய தொழிலில் பாதி.

"இரண்டுக்கும் ஒரே ஏணிதான்," என்றார். வருத்தத்தோடு சொன்னாரா, வேடிக்கையாகவா என்பது எனக்கு விளங்கவில்லை.

மனைவி ஏன் மறைத்தாள் என்று கேட்டேன்.

"மறைக்கவில்லை. 'அவருக்குச் சொன்னால் இங்கே வந்து கண்ணாடியின் வரலாற்றை உனக்கே படிப்பிக்கத் தொடங்குவார், முடிந்தபின் சொல்கிறேன்' என்றாள். சொல்லியிருப்பாள் என்றே நினைத்திருந்தேன்."

மகள் சிரித்துவிட்டாள். "அம்மா சரியாத்தானே சொல்லியிருக்கிறா, அப்பா."

அடியிலிருந்து ஒளி வரும் மேசையில், சாளரத்திலிருந்து கழற்றிய அந்தக் கண்ணாடிப் பலகம் கிடந்தது. முகம் யாருடையதோ. குடத்தைப் பற்றிய கைகளைப் பார்த்தேன். ஒரு சுண்டுவிரல் மேல்மூட்டில் சற்று வளைந்திருந்தது. மனைவியின் விரல் ஒரு பனிக்காலத்தில் காரின் கதவில் நசுங்கி அப்படித்தான் வளைந்தது. ஆனால் இது இடக்கை. வலக்கை என்றே என் நினைவு.

தயங்கித்தான் சொன்னேன். ஓவியர் மேசையை நோக்கினார். "வெளிப்பக்கத்தைத் துடைக்கக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் பார்ப்பது முதுகுப் பக்கம்."

படுக்கையாகத் தூக்கினால் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டிகள் வளைந்துவிடுமாம். ஆகவே இருவரும் விளிம்பைப் பிடித்துப் பலகத்தை நிமிர்த்தி, மெல்லத் திருப்பிக் கிடத்தினோம். வளைந்த விரல் இப்போது வலக்கையில் இருந்தது. ஒரு நொடி, நான் தேடி வந்தது கிடைத்ததென்றே எண்ணினேன்.

"இல்லையப்பா," என்றாள் மகள். "அம்மாக்கு இடக்கை. முதல் பாத்ததுதான் சரி."

கைத்தொலைபேசியில் படங்களைத் தேடினாள். ஒன்றில் இடக்கை, மற்றொன்றில் வலக்கை. "இதில ஒண்டு செல்ஃபி, பக்கம் மாறித்தான் வரும். எது எண்டுதான் தெரியேல்லை."

ஓவியரைக் கேட்டேன். அவர் கையை விரித்தார். "படத்துக்கு எந்தப் பக்கம் பொருந்தியதோ அந்தப் பக்கம் வைத்திருப்பேன். வரைந்த தாளைத் திருப்பிப் போடுவது எங்களுக்கு வழக்கம்."

அந்த விபத்து நடந்த மாலை முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. மருத்துவமனை வாசலில் அவள் உதறிய காலணிப் பனி, தாதியிடம் அவள் சொன்ன திருத்தமான பிரெஞ்சு, காத்திருந்தபோது என் மடியில் கிடந்த அவள் கையின் கனம். எந்தக் கை என்பது மட்டும் வரவில்லை. என் வலப்பக்கம் அமர்ந்திருந்தாளா, இடப்பக்கமா? இரண்டு பக்கமும் அவள் இருந்ததாகவே என் உடல் சொல்லிற்று.

மகள் காரைச் சூடாக்கப் போய்விட்டாள். இன்னொரு முறை திருப்ப முடியுமா என்று கேட்டேன். ஓவியர் காரணம் கேட்கவில்லை. தம் பக்கத்து விளிம்பைப் பற்றியபடி, நான் என் பக்கத்தைப் பிடிக்கும்வரை காத்து நின்றார்.