கொசுறாகக் கொடுத்த மீன் டின்

நர்சம்மா இறந்த செய்தி எங்கள் மளிகைக் கடைக்குத் தபால்காரர் மூலம் வந்தது. "கொரட்டூரு நர்சம்மா பூட்டாங்க. டின்னு மீனு துன்னாங்களாம். கண்ணு சொருகி, பேச்சே பூட்ச்சாம்." அப்பா தராசை இறக்கவில்லை. பருப்பை நிறுத்து முடித்துவிட்டு, "பாவம்" என்றார்.

நர்சம்மா ரூத்தம்மாளை உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரைத் தெருக்களில் உங்கள் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர் அவர்தான்.

போன கோடையில் ஸ்டேஷன் கடையில் சோடா குடித்த பக்கத்து வீட்டு வள்ளியின் உதட்டைக் கண்ணாடிச் சில் கிழித்தது. தையல் போட்ட கையோடு நர்சம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் சோடாக் கம்பெனி முதலாளியைக் கைகாட்டினார். அங்கே போனால் முதலாளி கடைக்காரரைக் கைகாட்டினார். "நீ அவனைக் காட்டு, அவன் உன்னைக் காட்டட்டும். ஆளுக்கொரு பக்கம் தைக்க கொயந்த ரெண்டு வாயா வச்சிகினு கீது?" என்று கேட்டார் நர்சம்மா. விளிம்பு உடைந்த பாட்டில்களை எல்லாம் முதலாளி கையாலேயே நொறுக்க வைத்த பிறகுதான் கிளம்பினார்.

எங்கள் கடையில் மாதச் சாமான் வாங்குகிறவர்களுக்குக் கொசுறு உண்டு. வெல்லக்கட்டியோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ சும்மா கொடுப்போம். ஆவடி ராணுவ முகாமிலிருந்து கைமாறி வந்த மீன் டின்கள் விற்காமல் கிடந்து உப்பிப் போயிருந்தன. அப்பா ஒவ்வொன்றையும் ஆணியால் குத்தினார். புஸ்ஸென்று நாற்றம் வந்தது. மூடியைத் தட்டிச் சமமாக்கி, துளையை ஈயம் வைத்து அடைத்தார். ஏன் என்று கேட்டேன். "காத்து பூந்துகினு இருந்துச்சி, எடுத்துட்டேன்" என்றார்.

மாதச் சாமானோடு அப்பா கொசுறாக நீட்டிய அந்த டின் ஒன்றை நர்சம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டுப்போன டின் உப்பியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இதுவோ தட்டையாக இருந்தது. "இன்னா நைனா, இன்னிக்கி இவ்ளோ தாராளம்?" என்று சிரித்தார்.

"ஊரு புள்ளைங்களைத் தூக்கின கையாச்சே" என்றார் அப்பா.

நேற்று சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். "காசு வாங்கி வித்தாத்தானே சார் நான் பொறுப்பு? அது கொசுறு. மூடின டின்னுக்குள்ள இன்னா கீதுன்னு எனக்கின்னா தெரியும்? செஞ்சவனைப் புடிங்க" என்றார் அப்பா. டின்னில் பெயர்ச்சீட்டு இல்லை. அதைக் கிழித்ததும் அப்பாதான். செய்தவன் கடலுக்கு அப்பால் இருப்பான், அவனை எங்கே தேடுவது என்று இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். வேறு டின் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருந்ததே அது ஒண்ணுதான்" என்றார் அப்பா. மற்றவற்றை அன்று விடியற்காலையிலேயே ஏரியில் போட்டிருந்தார்.

விற்றால்தான் குற்றமா? சும்மா கொடுத்தால் விஷம் தருமமாகிவிடுமா? இதை எழுதும்போது, அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கைத் தணிக்கிறேன். கோபம் மட்டும் தணியவில்லை.

நர்சம்மா சோடாக் கம்பெனியில் கேட்ட கேள்வி என்னிடம் இருக்கிறது. ஏரிக்குப் போகாமல் நான் ஒளித்து வைத்த ஒரு டின்னும் இருக்கிறது. நாளை அது என் பள்ளிக்கூடப் பையில் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போகும். அதன் மூடியில் மிளகளவு ஈயப் பொட்டு இருக்கிறது. அதை வைத்தவர் கடலுக்கு அப்பால் இல்லை.